யாருக்குத் துரோகி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்பானியப் படைத் தலைவர் கோர்த்தேஸுக்குக் கைகொடுத்த செம்போவாலா ஊரின் தொத்தோனாக் தலைவரை 'துரோகி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். யாருக்குத் துரோகம் செய்தார்? 1519இல் மெக்சிகோ என்றொரு நாடே கிடையாது. தொத்தோனாக் மக்களின் மொழி வேறு, அஸ்டெக்குகளின் மொழி வேறு. தொத்தோனாக்குகள் கப்பம் கட்டினார்கள், அஸ்டெக்குகள் வாங்கினார்கள். கப்பத்தோடு பிள்ளைகளையும் பலிக்குக் கேட்கிறார்கள் என்று அந்தத் தலைவர் கோர்த்தேஸிடம் குமுறியதை ஸ்பானியப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதி வைத்திருக்கிறார்.

கியாவிஸ்த்லான் என்ற தொத்தோனாக் ஊரில் நடந்ததைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். அந்த மலையூருக்கு அஸ்டெக் அரசர் மோக்தெசுமாவின் வரி அதிகாரிகள் ஐந்து பேர் வருகிறார்கள். கையில் பூவை முகர்ந்தபடி, ஸ்பானியர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நடக்கிறார்கள். அந்நியருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு இருபது பேரைப் பலிக்குத் தரச் சொல்கிறார்கள். "பிடித்துக் கட்டுங்கள்" என்று தூண்டிவிடுகிறார் கோர்த்தேஸ். ஊர்க்காரர்கள் நடுங்கிக்கொண்டே கட்டுகிறார்கள். அன்று இரவே அந்த அதிகாரிகளில் இரண்டு பேரை ரகசியமாக அவிழ்த்துவிட்டு, "நான் உங்கள் அரசரின் நண்பன்" என்று சொல்லி அனுப்புகிறார் அதே கோர்த்தேஸ்! விடிந்ததும், கைதிகளைத் தப்பவிட்டதாக ஊர்க்காரர்கள் மேல் கோபப்படுவதுபோல் ஒரு நடிப்பு வேறு. மிச்ச மூவரும் அவருடைய கப்பலுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் தொத்தோனாக்குகள் திரும்பிப் போக வழி ஏது? மோக்தெசுமாவின் கோபத்துக்கும் ஸ்பானியப் பீரங்கிக்கும் நடுவே நின்றார்கள். இதைக் கூட்டணி என்பதா, கண்ணி என்பதா?

கொஞ்ச நாளில் ஸ்பானியர்கள் செம்போவாலா கோயில் சிலைகளைப் படிக்கட்டில் உருட்டி உடைத்தார்கள். ஊரார் வில்லை எடுத்தபோது, தலைவரையே பிடித்துவைத்து அடக்கினார்கள். 1520இல் இன்னொரு ஸ்பானியத் தளபதியான நார்வாயெஸின் படையோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் அடுத்த நூறு ஆண்டுக்குள் ஆளற்றுப் போனது.

அந்தத் தலைவர் கணக்குப் போட்டுத்தான் கைகொடுத்தார், கணக்கு தப்பியது. அதைப் பிழை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஸ்பானியர்கள் கேலியாக வைத்த 'குண்டுத் தலைவர்' என்ற பட்டத்தைக் கட்டுரை ஆறு இடங்களில் சொல்கிறது. பிற்கால நூல்கள் அவரை சிக்கோமகாத்ல் என்கின்றன. ஒரு இடத்திலாவது அந்தப் பெயரைப் போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.