டைனோசருக்கு முன்னால் ஒரு சிப்பி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் புதைபடிவங்களை வரையக் கற்கிறார்கள். அறிவியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து இந்த வகுப்பை நடத்துகிறார்கள். வீட்டில் நோட்டைப் பார்த்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டீர்கள்: "டைனோசர் வரையப் போகிறேன் என்று குதித்துக்கொண்டு போனான், மூன்று வாரமாகச் சிப்பியைத்தானே வரைந்து வைத்திருக்கிறான்?" நியாயமான கேள்வி. அதற்கான பதிலையும், வீட்டில் உங்களிடம் எதிர்பார்க்கும் உதவியையும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

முதல் வாரம், எதையும் பார்க்காமல் ஆளுக்கொரு டைனோசர் வரையச் சொன்னோம். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே விலங்குதான் வந்தது. நெட்டுக்குத்தாக நிற்கிறது, வால் தரையில் கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, முன்கைகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. பொம்மையிலும் புத்தகப் பையிலும் பார்த்த டைனோசர் அது. பிள்ளைகள் மேல் தவறே இல்லை, பெரியவர்களும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915-இல் டைரனோசரஸ் எலும்புக்கூட்டை நிமிர்ந்த நிலையில்தான் நிறுத்திவைத்தார்கள். 1990-களில்தான் அதைப் பிரித்து, முதுகு தரைக்கு இணையாகவும் வால் காற்றில் நீண்டும் இருக்கும்படி மாற்றிக் கோத்தார்கள். டைனோசர்களின் காலடித் தடங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு வால் இழுபட்ட கோடு இருப்பது மிக அரிது. வால் தரையில் கிடக்கவில்லை. முன்பக்கத் தலையின் எடைக்குப் பின்பக்கத்தில் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. முன்கைகளும் அப்படித்தான். உள்ளங்கைகள் தரையைப் பார்க்கவில்லை, கைதட்டப் போகிறவர்போல ஒன்றையொன்று பார்த்தன.

தெரிந்ததை வரைவது ஒன்று, எதிரில் இருப்பதை வரைவது வேறு. இந்த வகுப்பில் நாங்கள் கற்றுத்தர நினைப்பது இரண்டாவதைத்தான். டைனோசரில் தொடங்கினால் மனதில் பதிந்த படமே கையில் வந்துவிடும். நாங்கள் கொடுத்த சிப்பி அம்மோனைட். அதைப் பற்றி எந்தப் பிள்ளைக்கும் மனதில் படம் கிடையாது, அதனால் பார்த்தே ஆக வேண்டும். சிப்பியில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான, அழிந்துபோன ஒரு கடலுயிரி. அது விட்டுச்சென்ற சுருள் ஓடுதான் நம் பிள்ளைகள் வரைவது. முதல் முயற்சியில் பெரும்பாலோர் கொசுவர்த்திச் சுருளைப்போல எல்லா வளையமும் ஒரே அகலத்தில் வரைந்தார்கள். "உள்வளையத்தின் அகலத்தை அளந்து பார், அடுத்த வளையத்தை அளந்து பார்" என்று ஓவிய ஆசிரியர் சொன்னதும் வகுப்பே அளவுகோலை எடுத்தது. வெளியே வர வர வளையம் அகலமாகிறது, அதுவும் ஒரு கணக்கோடு. அந்த உயிர் வளர வளர ஓட்டின் வாய்ப்பக்கத்தில் புதிய அறை கட்டிக்கொண்டு முன்னேறியது, கடைசி அறையில்தான் குடியிருந்தது. இதைச் சொன்ன பிறகு அவர்கள் வரைந்த சுருள்களைப் பார்த்தேன். கோட்டிலேயே வளர்ச்சி தெரிந்தது.

இரண்டாவது வாரம் டிரைலோபைட். இதுவும் அழிந்துபோன ஒரு கடலுயிரிதான். உடல் நீளவாக்கில் மூன்று பகுதியாகப் பிரிந்திருப்பதால் அந்தப் பெயர்: நடுவில் ஒரு மேடு, இருபுறமும் இரண்டு பகுதி. குறுக்காகப் பார்த்தால் தலை, கண்டம் கண்டமான நடுவுடல், வால்கவசம். ஒரு மாணவி நடுவுடலின் கண்டங்களைத் தோராயமாக வரையாமல், ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தொட்டு எண்ணி, வரைந்த பிறகு மறுபடி எண்ணினாள். ஒன்று குறைந்தது. அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொரு படம் தொடங்கினாள். கண்டங்களின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும் என்பதால் அந்த ஒன்று முக்கியம்தான். அவளுடைய இரண்டு படங்களையும் நான் என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த வாரம் வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். ஈரக் களிமண்ணில் ஒரு சிப்பியை அழுத்தி எடுத்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். அந்த அச்சில் வேறொன்றை ஊற்றி இறுகவிட்டால் மேடான வார்ப்பு கிடைக்கும். பாறையில் இயற்கையும் இந்த இரண்டையும் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், தாளில் பள்ளத்தையும் மேட்டையும் பிரித்துக் காட்டுவது நிழல் மட்டும்தான். களிமண் அச்சில் படத்தின் மேல்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து அலைபேசியில் படம் எடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பள்ளம் மேடாகத் தோன்றக்கூடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் எடுத்துக்கொள்வதால் வரும் மயக்கம் இது. அதனால்தான் அறிவியல் ஓவியர்கள் வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர் குழம்ப மாட்டார். பிள்ளை வீட்டில் வரையும்போது விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கவனித்துச் சரிசெய்து கொடுங்கள்.

அடுத்து பல், அப்புறம் தனி எலும்பு, பிறகு முழு எலும்புக்கூடு, கடைசியாகத்தான் தசையும் தோலும் போர்த்திய முழு விலங்கு. அந்தக் கட்டம் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: கண்டது கறுப்பு, ஊகித்தது நீலம். பாறையிலோ எலும்பிலோ உள்ளதைக் கறுப்புப் பென்சிலால் வரைய வேண்டும், தாங்களாகச் சேர்ப்பதை நீலப் பென்சிலால். எனக்கு இந்த வகுப்பிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஊகம் கூடாது என்பதல்ல. ஊகிக்காமல் ஒரு தொல்விலங்கையும் வரைய முடியாது. இகுவானோடான் என்ற டைனோசரின் கதையைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். 1825-இல் இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மான்டெல் அதற்குப் பெயர் வைத்தபோது அவரிடம் இருந்தவை பற்கள்தாம். பின்னர் கிடைத்த கூரான எலும்பொன்றை மூக்கின் மேல் உள்ள கொம்பு என்று நினைத்தார்கள். 1854-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த பெரிய சிலைகளிலும் அப்படியே மூக்கில் கொம்பு வந்தது. அந்தச் சிலைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1878-இல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 30-க்கும் மேற்பட்ட இகுவானோடான்கள் கிடைத்தன. பல எலும்புக்கூடுகள் முழுசாக இருந்தன. கொம்பு என்று நினைத்தது அதன் கட்டைவிரல் முள்! அன்று நீலப் பென்சிலில் வரைந்திருக்க வேண்டிய இடம் அது.

இதற்கு எதிரான கதையும் உண்டு. 1823 டிசம்பரில் இங்கிலாந்துக் கடற்கரையில் புதைபடிவங்களைத் தேடி எடுத்துவந்த மேரி ஆனிங், பிளீசியோசர் என்ற நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன ஒன்றை முழுசாகக் கண்டெடுத்து, அதை வரைந்து கடிதத்தில் அனுப்பினார். அவ்வளவு நீளமான கழுத்தா என்று பிரான்ஸின் பெரிய அறிஞர் குவியேவே சந்தேகப்பட்டார். கடைசியில் மேரிதான் சரி. இருப்பதை இருந்தபடி வரைந்தவர் அவர். அவருடைய தோழி எலிசபெத் பில்பாட்டைப் பற்றியும் வகுப்பில் பேசினோம். புதைபடிவமாகியிருந்த கணவாய் இன உயிரியின் மைப்பையிலிருந்து எடுத்த மையைக் கரைத்து, 1833-இல் இக்தியோசர் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் மண்டையோட்டை வரைந்தார் அவர். கோடிக்கணக்கான ஆண்டு பழைய மையால், அதே கடலில் வாழ்ந்த விலங்கின் படம். அன்று மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

நிறம் பற்றி வீட்டில் வாக்குவாதம் வரும். "யார் பார்த்தது, எந்த நிறமும் அடிக்கலாம்" என்பார்கள். பெரும்பாலான விலங்குகளுக்கு அது சரியே. ஆனால் 1996-இல் சீனாவில் கண்டறியப்பட்ட சினோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் இறகிழைகளில் நிறமித் துகள்களின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. 2010-இல் அதை ஆராய்ந்து, வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று சொன்னார்கள். அதன் வாலுக்கு மட்டும் பச்சை அடித்தால் ஆசிரியர் கேள்வி கேட்பார். அதேபோல ஒரே காட்சியில் ஸ்டெகோசரஸும் டைரனோசரஸும் வந்தாலும் கேட்பார். முன்னது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, பின்னது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோனது. காலக்கணக்கில் டைரனோசரஸ் நமக்குத்தான் நெருக்கம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தயவுசெய்து பிள்ளைக்காக நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். கோணலான கோட்டை நேராக்கியும் கொடுக்காதீர்கள். ரப்பரை முதல் அரைமணி நேரம் ஒளித்து வைத்தாலும் நல்லதுதான். தவறிய கோடு தாளில் இருந்தால்தான் எங்கே பார்வை பிசகியது என்று ஆசிரியருக்குத் தெரியும். எலும்புக்கூட்டுப் படத்தின் மேல் தாள் வைத்து நகலெடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். விகிதம் பிடிபடுவதற்காக ஒருமுறை எடுக்கலாம், பிறகு அதை மூடி வைத்துவிட்டுப் பார்த்து வரைய வேண்டும். "அழகாக இருக்கிறது", "நன்றாக இல்லை" இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில், படத்தில் ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டு, "இது அதில் இருந்ததா, நீயாக நினைத்ததா?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. மறுபடி போய்ப் பார்க்கிறார்கள்.

கோடு போடாத நோட்டு ஒன்று, எச்.பி. பென்சில் ஒன்று, 2பி ஒன்று, நீலப் பென்சில் ஒன்று, 15 செ.மீ. அளவுகோல். இவ்வளவு போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் உண்மையான அளவைக் காட்டும் சிறு கோடு இருக்க வேண்டும். மறந்திருந்தால் நினைவூட்டுங்கள்.

பருவத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை காலை, எல்லா நோட்டுகளையும் முதல் பக்கத்திலிருந்து விரித்து வைக்கப் போகிறோம். பரிசு, மதிப்பெண் எதுவும் கிடையாது. முதல் நாள் வரைந்த நெட்டுக்குத்து டைனோசரும் அதே நோட்டில் இருக்கும். அதைக் கிழித்துவிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்