மாயவரம்–தரங்கம்பாடி ரயிலைத் திரும்பத் தாருங்கள்

தென்னக ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 1926-இல் திறந்த மாயவரம் (மயிலாடுதுறை)–தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பாதையை 1986-இல் எதற்காக மூடினார்கள் என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். நஷ்டம் என்றார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர் ஊராக நின்று, முப்பது கிலோமீட்டர் போய்க் கடற்கரையைத் தொட்ட வண்டி அது. அதைத் திரும்ப விடுங்கள் என்றுதான் இன்றும் கேட்கிறோம்.

திருக்கடையூருக்கு வருகிறவர்களைப் பாருங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். வருகிற தம்பதியருக்கு வயதே அறுபது, எண்பது. மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போய், அங்கே நெரிசலில் முண்டியடிக்க வேண்டும். போன முகூர்த்த நாளன்று ஒரு பாட்டிக்குப் பேருந்தின் முதல் படிக்கே கால் எழவில்லை. பேரன் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டான். உள்ளே உட்கார இடமில்லை. பட்டுப்புடவையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர்தான் மணப்பெண்! திருக்கடையூரில் ரயில் நின்ற காலம் ஒன்று இருந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நஷ்டக் கணக்கை ரயிலுக்கு மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? இதே கடலோரத்தில் விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்குக் கொட்டிய பணத்துக்கு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? மாயவரம் தனி மாவட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. தேர்தலுக்குத் தேர்தல் இந்த ரயிலைத் தருவதாகச் சொல்லி ஓட்டு வாங்கிப் போகிறார்கள். டெல்டா என்றால் நெல்லை மட்டும் எடுத்துப் போகலாம், மனிதர்களை ஏற்றிப்போக வேண்டாம் என்று நினைத்துவிட்டார்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பது நடக்காத காரியமல்ல. எங்களைப் போலவே எண்பதுகளில் ரயிலை இழந்த பேரளம்–காரைக்கால் தடத்தில் அகலப் பாதை போட்டுவிட்டீர்கள். தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் பக்கம்தான். அதுவரை நீட்டினால் இது முட்டுச்சந்துப் பாதையாகவும் நிற்காது, நஷ்டம் என்ற பேச்சுக்கும் வலு இருக்காது.

ஆகவே ஐயா, மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையை அகலப் பாதையாக மீண்டும் அமைத்து, காரைக்காலோடு இணைக்க ரயில்வே வாரியத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். பழைய தடத்தில் ரயில்வேக்குச் சொந்தமான நிலத்தை அதுவரை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மாயவரத்துப் பயணி ஒருவர்