அந்த 20 நிமிடம் யார் கால் கணக்கு?

துறைமுக நகரங்களின் தெருக்களையும் கரையோர நடைபாதைகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். மூன்று நாள் விடுமுறைக்கு உங்கள் நகரங்களில் ஒன்றுக்கு வந்துபோன குடும்பம் நாங்கள். எந்த நகரம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் சங்கடப்படுவார்கள், மற்றவர்கள் எல்லாரும் 'நம்மை இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், 4 வயது மகன், 72 வயது மாமியார். கார் வேண்டாம், எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம் என்று கேள்விப்பட்டதால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ரயிலை விட்டு இறங்கியதுமே பலகை கண்ணில் பட்டது: 'கலங்கரை விளக்கம், நடை 20 நிமிடம்.' எங்களுக்கு 95 நிமிடம் ஆனது. மகள் போனில் கடிகாரத்தை ஓடவிட்டிருந்ததால் இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

20 நிமிடம் எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. கையில் பை இல்லாத, முழங்கால் வலிக்காத ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். தூரத்தை அந்த வேகத்தால் வகுத்துப் பலகையில் எழுதிவிட்டீர்கள். அப்படி ஒருவர் எங்கள் ஐந்து பேரில் இல்லை. கணவர் தனியாக வந்திருந்தால் ஒருவேளை அவராக இருந்திருக்கலாம்; அன்றைக்கு அவர் தோளில் மகன் உட்கார்ந்திருந்தான்.

மாமியார் நன்றாக நடப்பவர்தான். ஆனால் இருநூறு மீட்டருக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். கரையோரம் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பெஞ்ச்கூட இல்லை. கப்பல் கயிறு கட்டும் குட்டை இரும்புத் தூண்கள்தான் இருந்தன, காளான் மாதிரித் தலை பருத்து, பெயின்ட் உரிந்து, வெயிலில் சூடேறி. சேலைத் தலைப்பை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "கப்பலையே இழுத்துப் பிடிக்குது, என்னைத் தாங்காதா?" என்றார். நாங்கள் சிரித்துப் போட்டோ எடுத்தோம். ஐந்தாவது தூணில் யாரும் சிரிக்கவில்லை. முதுகு சாய்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்தால் இடுப்பு இன்னும் பிடித்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பழைய ஊருக்கும் கரைக்கும் நடுவே போகும் அந்தச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதசாரி சிக்னலுக்குப் பல நாடுகளில் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 20 மீட்டர் அகலச் சாலை என்றால் 17 விநாடி. என் மாமியார் விநாடிக்கு 0.7 மீட்டர் நடந்தாலே பெரிய விஷயம், அவருக்கு 28 விநாடிக்கு மேல் வேண்டும். நடுச்சாலையில் இருக்கும்போதே பச்சை மனிதன் மினுக்கத் தொடங்கிவிட்டான். மகள் போலீஸ்காரர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிகளுக்கு எதிரே நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் செய்யவேண்டிய வேலையா அது?

ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? உங்கள் நகரங்களுக்கு இந்த நடை சுகத்தைக் கொடுத்தவர்கள் மூட்டை சுமந்தவர்கள். கப்பலில் வந்ததைத் தலையிலும் தோளிலும் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால்தான் கிடங்குகள் கரையை ஒட்டியே நின்றன, சந்துகள் நேராகத் தண்ணீரை நோக்கி இறங்கின. இன்றைக்கும் அந்தச் சந்துகளில் மேப் தேவைப்படவில்லை. முனையில் ஒரு துண்டு நீலம் தெரிந்ததும் மகன் கையை உதறிக்கொண்டு ஓடினான். அவனைப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பிறகு கன்டெய்னர் வந்தது. 1956இல் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர்களோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனதிலிருந்து தொடங்கிய மாற்றம் அது. பெரிய கப்பலுக்கு ஆழமான தண்ணீரும் பெட்டிகளை அடுக்கப் பரந்த நிலமும் தேவைப்பட, துறைமுகங்கள் ஊரைவிட்டுத் தள்ளிப் போயின. காலியான பழைய கரைகள் உங்கள் கைக்கு வந்தன. சில ஊர்களில் ஊருக்கும் தண்ணீருக்கும் குறுக்கே அதற்குள் பெரிய சாலைகள் வந்து உட்கார்ந்திருந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டடுக்கு மேம்பாலச் சாலையே கரையை மறைத்து நின்றது. 1989 நிலநடுக்கத்தில் அது பழுதானதும், செப்பனிடுவதற்குப் பதில் 1991இல் இடித்துவிட்டார்கள். உங்களுக்கு நிலநடுக்கம் வர வேண்டாம். சிக்னலில் பத்துப் பன்னிரண்டு விநாடி கூட்டினால் போதும், அதற்கு இடிக்கும் எந்திரம் எதுவும் தேவையில்லை.

கருங்கல் பாவிய தெருக்களைத் தோண்டச் சொல்லி நான் கேட்கவில்லை, அழகாகத்தான் இருக்கின்றன. குதிரைக் குளம்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவிய கல் இடுக்குகளில்தான் மகனுக்காகக் கொண்டுபோன தள்ளுவண்டியின் முன்சக்கரம் போய் மாட்டியது. தெருவோரமாக ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வழவழப்பான பட்டைக்கல் பதித்தால் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, பெட்டி எல்லாம் போய்விடும்.

படகுத்துறையில் என்ன நடந்தது என்றால், நாங்கள் போனது தண்ணீர் வற்றியிருந்த நேரம். படகு ஒன்றரை அடி கீழே கிடந்தது, துறையோ அசையாத காங்கிரீட். இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து மாமியாரை இறக்கினார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள், ஆனாலும் அத்தனை பேர் பார்க்கத் தன்னை மூட்டை மாதிரி இறக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பும்போது, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்க" என்றார். கொச்சியின் வாட்டர் மெட்ரோவில் படகுத்துறையே மிதவையாக இருக்கிறது. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். படகின் தளமும் அதுவும் எப்போதும் ஒரே மட்டம். வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிழலுக்கும் வழி இருக்கிறது. பிரான்சின் மார்செய் நகரில், பழைய துறைமுகத்தில் 2013இல் கண்ணாடி மாதிரி மின்னும் எஃகுக் கூரை ஒன்றை மெல்லிய தூண்கள்மேல் நிறுத்தினார்கள். கீழே நிற்பவர்கள் நிமிர்ந்தால் தலைகீழாகத் தங்களையே பார்க்கலாம். அவ்வளவு ஆடம்பரம் எங்களுக்கு வேண்டாம், மரம் வைத்தால் போதும். மதியம் கடல்காற்று வீசினாலும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்துகிறது.

கழிப்பறையைப் பற்றி ஒரே வரி: அது டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் போகக்கூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது, 4 வயதுப் பையன் டிக்கெட் வரிசையில் காத்திருக்க மாட்டான்.

நான் கேட்பது இதுதான். அடுத்த பலகையை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் அம்மாவையும் வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த வழியை நடந்து பாருங்கள். கோப்பு, உதவியாளர், வண்டி எதுவும் கூட வர வேண்டாம். பிறகு பலகையில் நிமிடத்தோடு தூரத்தையும் போடுங்கள். அடுத்த பெஞ்ச் எத்தனை மீட்டரில், அடுத்த கழிப்பறை எத்தனை மீட்டரில் என்பதையும் போடுங்கள். நடப்பதா, வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.

மறுபடியும் வருவோம். மகன் அந்தப் படகை இன்னும் விடவில்லை, குளிக்கிற வாளியில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இந்த மடலோடு நாங்கள் பயன்படுத்திய வரைபடத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். அதில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் என் மகள் எழுதியது: 'பலகைப்படி 20 நிமிடம். பாட்டியோடு 95. தம்பியோடு மட்டும் போனால் சொல்ல முடியாது.'

இப்படிக்கு,
நடந்தே பார்த்த ஐவரில் ஒருத்தி