சனிக்கிழமை ஜயன்ட்ஸ் பேஸ்பால் ஆட்டத்துக்கு வருபவர்களுக்கு

மக்களே, காரை எடுக்க வேண்டாம், பார்க்கிங் காசிலேயே பாதி டிக்கெட் வாங்கிவிடலாம். சைக்கிளோடு சன்னிவேலில் கால்ட்ரெயின் ரயில் ஏறி, சைக்கிள் படம் ஒட்டிய பெட்டியில் வண்டியைக் கட்டிவிடுவோம். ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பதால் இறங்கும் ஊரை எழுதிய அட்டையை மாட்டிவிடுங்கள், முதலில் இறங்குபவர் வண்டி அடியில் சிக்கினால் எல்லாருக்கும் தலைவலி. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி எம்பார்காடேரோ கரையோரம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஆட்டம் நடக்கும் ஆரக்கிள் பார்க் மைதானத்துக்குப் போவோம், அங்கே சைக்கிளை இலவசமாகவே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். புளியோதரை கட்டி வரலாம், கண்ணாடி பாட்டில் கூடாது. அப்புறம், கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள், வளைகுடாக் காற்று ஏழாவது இன்னிங்ஸுக்குள் நடுங்க வைத்துவிடும். யார் யார் என்று வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள்.