அரை மணி நேர விருந்தாளி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வயிற்றுக் கோளாறு ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனால் யாரோடாவது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசிவிட்டால் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. நீ வருவதாக இரண்டு முறை எழுதியும் நான் பதில் எழுதாததற்கு அதுவே காரணம்.

படுத்திருந்த நாட்களில் சார்லஸ் டார்வினின் கடிதங்களைப் படித்தேன். 1842இல் லண்டனை விட்டுக் கென்ட் மாவட்டத்தின் டவுன் (Downe) என்ற கிராமத்தில் குடியேறியவர், 1882இல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். வாந்தி, நடுக்கம், தலைவலி என்று நோய் அவரை விடவேயில்லை. கலகலப்பான பேச்சுகூட உடம்பைக் கெடுத்ததால், விருந்துகளுக்குப் போவதையே அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனாலும் கதவை அடைத்துக்கொண்ட மனிதர் அல்லர். அசட்டுத்தனமான கடிதங்களுக்கும் பதில் எழுதினார். எழுதாவிட்டால் மனசாட்சி உறுத்தும் என்பாராம். தொல்லை தருவோருக்கென்று ஒரு பதிலை அச்சடித்து வைத்திருந்தும், அதை அவர் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை என்று மகன் பிரான்சிஸ் குறித்திருக்கிறார்.

என்னை மிகவும் தொட்டது தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருடனான நட்பு. டார்வினின் உடல்நிலை மோசமான காலங்களில், ஹூக்கர் தம் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அவ்வீட்டின் ஒரே விருந்தினராகத் தங்குவார். காலை உணவு முடிந்ததும் படிப்பறையில் அரை மணி நேரம் டார்வின் ஒரு குவியல் சீட்டுகளை எடுத்து, தாவரங்களைப் பற்றியும் நிலப்பரப்புகளைப் பற்றியும் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார்; கிணற்றில் நீர் இறைப்பதுபோல ஹூக்கரிடமிருந்து இறைப்பதாகவே அவர் அதைச் சொல்வார். அதன்பின் நண்பகல்வரை இருவரும் சந்திப்பதில்லை. பிறகு சன்னலுக்குக் கீழிருந்து டார்வினின் குரல் ஹூக்கரைப் பெயர் சொல்லி அழைக்கும். இருவரும் மணல் பாதையில் நடக்கப் போவார்கள்.

இவ்வளவு அளந்து பழகியதால் நட்பு சுருங்கிவிடவில்லை. அவர்களுக்கிடையே போய்வந்த கடிதங்கள் 1,400க்கு மேல். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற தம் எண்ணத்தை, ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்று சொல்லி, 1844 சனவரியில் டார்வின் ஹூக்கருக்குத்தான் எழுதினார். 1863இல் தம் சிறுமகள் இறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஹூக்கர் எழுத உட்கார்ந்ததும் டார்வினுக்குத்தான். டார்வினும் தம் பத்து வயது மகள் ஆனியை 1851இல் பறிகொடுத்தவர். ஹூக்கரின் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

உன்னிடம் வர வேண்டாம் என்று சொல்லாமல் சொன்னது என் தவறு. அடுத்த சனிக்கிழமை வா. திருத்திக்கொண்டிருக்கும் கட்டுரைகளையும் எடுத்து வா. காலைப் பலகாரத்துக்குப் பின் அரை மணி நேரம் பேசுவோம். அப்புறம் நான் படுத்துவிடுவேன். மாடி அறை உனக்கு. வெயில் தாழ்ந்ததும் கீழிருந்து கூப்பிடுகிறேன், குளக்கரைவரை நடந்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்