அந்தச் சென்சாரை இப்போது வாங்காதே

பீடோர்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போன உனக்கு இத்தனை மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது எனக்கே உறுத்துகிறது. நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்ன செய்திதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. கணேசன் டுரியான் கதையை இன்னும் விடவில்லை.

வண்டிப் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களும் போய்விட்டதாகப் பட்டறையில் சொன்னார்கள், சனிக்கிழமை மாற்றப் போகிறேன் என்றாய். மாற்றாதே, சேகர். உன் வண்டியின் கணினியில் பி0171, பி0174 என்ற இரண்டு பழுதுக் குறியீடுகளும் ஒன்றாக வந்திருக்கின்றன. முதலாவது வி6 எஞ்சினின் ஒரு சிலிண்டர் வரிசையிலும் இரண்டாவது மறு வரிசையிலும் கலவை மெலிந்திருப்பதாகச் சொல்கிறது. அதாவது, எடைக்கு எடை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைத் தாண்டிக் காற்று மிகுந்துவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிச் சென்சார் இருக்கும்போது இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே விதமாகப் பழுதாவது அரிது. இரு வரிசைக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்க வேண்டும். உள்ளே நுழையும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார், பெட்ரோல் பம்பின் அழுத்தம், காற்று எஞ்சினுக்குப் போகும் இன்டேக் பாதையில் எங்கோ காற்றுக் கசிவு, இவற்றில் ஒன்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்று மிகுதி என்று புகார் சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்குவது எந்த வகை நியாயம்?

அந்தச் சென்சார் நல்லதா என்று அறியவும் காசு செலவழிக்க வேண்டாம். நம் வண்டிகளில் இருப்பது பழைய வகை. கலவை மெலிந்தால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட் காட்டும். கலவையில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிய உடனே அது மேலே ஏறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

என் வண்டியிலும் இதே இரண்டு குறியீடுகள்தாம் வந்தன. இங்குள்ள ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றிக் குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள். சில நாள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிறகு மறுபடியும் எரிந்தது. அழித்ததும் கணினி பெட்ரோல் அளவில் தான் கற்றுவைத்த திருத்தத்தையும் மறந்துவிடுகிறது. அது மீண்டும் கற்று எல்லையை எட்டி, பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் குறையை உறுதி செய்த பிறகே விளக்கைப் போடும். அந்த இடைவெளியைத்தான் பழுது தீர்ந்ததாக எண்ணி நாம் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நீ பார்க்க வேண்டியது ஃபியூல் டிரிம். மெலிந்த கலவையைச் சரிசெய்யக் கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதே அந்த எண். பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபத்தைந்தை நெருங்கினால் கணினியால் இனி ஈடுகொடுக்க முடியாது என்று பொருள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஒரு முறையும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்து ஒரு முறையும், மேட்டில் ஏறும்போது ஒரு முறையும் அதைப் பார். ஐடிலில் எகிறி, சுற்று கூடக் கூடக் குறைந்தால் காற்றுக் கசிவு; ஏனெனில் எஞ்சின் உள்ளிழுக்கும் மொத்தக் காற்று கூடும்போது ஓட்டை வழியாக வருவது அற்பமாகிவிடுகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து சுமையில் எகிறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எம்ஏஎஃப் சென்சார் காற்றைக் குறைத்து அளக்கிறது.

எனக்கு ஐடிலில் இருபத்திரண்டு, 2500 சுற்றில் ஏழு. ஈப்போவில் புகை இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். இன்டேக்கினுள் புகையைச் செலுத்தியதும், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், எஞ்சினுள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் முழங்கை வளைவிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழுந்தது. கழற்றிக் கையில் எடுத்தபோது எண்ணெயில் ஊறி ஊறிக் கொழகொழத்துப் போயிருந்த ரப்பர் விரலில் கறுப்பாக ஒட்டியது. மேலே பார்த்தால் புதிதுபோல் இருந்தது, மடக்கினால் வளைவின் உட்புறத்தில் ஒரு வாய் திறந்தது. சில வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கக்கூடிய சாமான். சூடான எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவைத் தேடும் வேலையை மட்டும் நீ செய்யாதே, தீப்பிடிக்கும்.

அத்துடன் தீரவில்லை. ஐடில் எண் மூன்றுக்கு இறங்கியது, ஆனால் தாப்பாவிலிருந்து ரிங்லெட் மலைப்பாதையில் ஏறும்போது பதினெட்டுவரை போனது. பெட்ரோல் அழுத்தத்தை மானி வைத்துப் பார்த்தார்கள், குறை இல்லை. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தபோதுதான் ஒரு கிளிப் உடைந்து மூடி சற்றே தூக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளின் பின்னால் தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டி இது. வறண்ட மாதங்களில் அந்தச் செம்மண் தூசி வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. எம்ஏஎஃப் சென்சாரின் மயிரிழைக் கம்பிமேல் அது பழுப்புத் தோலாகப் படிந்திருந்தது. அந்தக் கம்பியைச் சூடாக வைத்து, காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டே காற்று அளக்கப்படுகிறது. தூசி போர்த்திய கம்பி குளிர்ச்சியை உணராமல் காற்றைக் குறைத்துச் சொல்லும், கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். அதற்கென்றே விற்கும் தெளிப்பானால், கம்பியைத் தொடாமல் கழுவி உலரவிட்டு, கிளிப்பையும் மாற்றினோம். இப்போது மலையிலும் ஐந்தைத் தாண்டுவதில்லை. ஒரே குறியீட்டுக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் ஒன்றைச் சரிசெய்த பின்னும் எண்களை மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

ஆக்டேன் எண் கூடிய ரோன் 97 பெட்ரோலை ஊற்றினால் சரியாகும் என்று உன் மச்சான் சொன்னாராம். ஆக்டேன் எண், எஞ்சினில் தட்டல் (நாக்கிங்) வராமல் தாங்கும் பெட்ரோலின் திறனைக் குறிப்பது; காற்றுக் கசிவை அது அடைக்காது. அவர் அறிவுரையால் நாம் தஞ்சோங் மாலிமில் நின்ற இரவை நீ மறந்திருக்க மாட்டாய்.

ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். அந்த வண்டியில்தான் கவிதா இரவு வேலைக்கு நெடுஞ்சாலையில் போய்வருகிறாள். மெலிந்த கலவையில் சிலிண்டர் எரியத் தவறினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலை சென்சார் விலை அல்ல. விளக்கு எரிவதோடு நில்லாமல் சிமிட்டத் தொடங்கினால் அவளை ஓட்ட விடாதே.

முரளி வெள்ளிக்கிழமை கிள்ளான் வருகிறான். இந்த எண்களைக் காட்டும் என் ஸ்கேனரை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று நிலைகளிலும் டிரிம் எண்களை இரு வரிசைக்கும் தனித்தனியே குறித்து அன்று இரவே எனக்கு அனுப்பு. சென்சாருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் காலையிலேயே போய்த் திரும்பக் கேள்.

அன்புடன்,
பாலன்