இளவரசியை மணந்த கொள்ளையன் என்று இனியும் எழுதாதீர்கள்

தமிழில் சிறுவர், இளையோர் நூல்களை எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும்,

வணக்கம். ஒற்றைக் கண் கட்டு, தோளில் கிளி, புதையல் வரைபடம் என்று வரும் கடற்கொள்ளையர் கதைகள் மீது எனக்குப் புகார் இல்லை. அவை கற்பனை, பிள்ளைகள் ரசித்துப் படிக்கட்டும். 'உண்மை வரலாறு' என்ற பெயரில் ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் ஹென்றி எவ்ரியைப் பற்றி எழுதுகிறவர்களிடம்தான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெருங்கொள்ளை அடித்தான், கடைசிவரை பிடிபடவில்லை, முகலாய இளவரசியை மணந்தான் என்று அவனை ஒரு சாகச வீரனாக நிறுத்துவதை விட்டுவிடுங்கள்.

1695 செப்டம்பர். மக்கா யாத்திரை முடித்தவர்களையும் செங்கடல் வணிகத்தில் ஈட்டிய பொன், வெள்ளியையும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது கஞ்ச்-இ-சவாய். பேரரசர் ஔரங்கசீப்புக்குச் சொந்தமான கப்பல் அது. எவ்ரியின் 'ஃபேன்சி' கப்பல் அதை மறித்தது. கஞ்ச்-இ-சவாயில் பீரங்கிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் ஒன்று சுடும்போதே வெடித்து, பக்கத்தில் நின்றவர்களையே கொன்றது. எதிரியின் குண்டு பாய்மரத்தைச் சாய்த்தது. அதன்பின் நடந்ததை அக்காலத்தில் வாழ்ந்த முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் பதிவு செய்திருக்கிறார். கொள்ளை நாள்கணக்கில் நீடித்தது. பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்குத் தப்பக் கடலில் குதித்தவர்கள் உண்டு, கத்தியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்தக் கொடுமையைத்தான் பிற்பாடு கல்யாணக் கதையாக்கினார்கள். 1709-இல் லண்டனில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. அதில் எவ்ரி முகலாய இளவரசியை மணந்து மடகாஸ்கரில் அரசனாக வாழ்கிறான். சில ஆண்டுகளில் அவனை வைத்து நாடகமும் மேடையேறியது. அந்தக் கட்டுக்கதைதான் 'சொல்லப்படுகிறது' என்ற ஒரு சொல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்றுவரை தொடர்கிறது. கடலில் குதித்த பெண்களுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

எவ்ரியோடு சேர்ந்து வேட்டைக்கு வந்த தாமஸ் டியூவையும் விட்டுவிடாதீர்கள். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கத் தனியார் கப்பல்களுக்கு அரசுகள் உரிமப் பத்திரம் வழங்கிய காலம் அது. டியூ பெர்முடாவில் பெற்ற பத்திரம், ஆப்பிரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர்களைத் தாக்குவதற்கானது. அவனோ செங்கடலுக்குப் போய் இந்தியச் செல்வத்தைக் கொள்ளையிட்டுத் திரும்பினான். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அவனுக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. அடுத்த பத்திரத்தை நியூயார்க் ஆளுநர் பெஞ்சமின் ஃபிளெட்சர் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். அந்தப் பயணத்தில் சூரத் வணிகர் அப்துல் கஃபூரின் ஃபதே முகம்மது கப்பலைத் தாக்கும்போது டியூ கொல்லப்பட்டான். ஆளுநர் மாளிகையிலிருந்து தொடங்கும் இந்தக் குற்றத்தை ஏதோ நாலு முரடர்களின் வேலையாக மட்டும் சொன்னால் பாதி வரலாறு காணாமல் போகிறது.

வழக்கு நடந்த விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். கஞ்ச்-இ-சவாய் கொள்ளைக்குப் பதிலடியாக சூரத்திலிருந்த ஆங்கிலேயர்கள் சிறைவைக்கப்பட்டார்கள், கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகமே ஆட்டம் கண்டது. அந்த நெருக்கடியில்தான் 1696 அக்டோபரில் எவ்ரியின் ஆட்கள் சிலர் லண்டனில் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். கஞ்ச்-இ-சவாயைக் கொள்ளையடித்த வழக்கில் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். கலகம் செய்து ஆங்கிலேயக் கப்பலைக் களவாடியதாக மறுபடி வழக்குத் தொடுத்த பிறகே தண்டனை கிடைத்தது. நவம்பரில் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஜான் ஸ்பார்க்ஸ் என்ற மாலுமி, கப்பலைத் திருடியதைவிட அந்த இந்தியர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் செய்த கொடுமைக்காகவே தான் சாகத் தகுந்தவன் என்று சாகும் முன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கொள்ளையனே ஒப்புக்கொண்டதை முந்நூறு ஆண்டுகள் கழித்து நாம் ஏன் மறைக்க வேண்டும்?

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எல்லா வயதிலும் சொல்லத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு, யாத்திரை போய் வீடு திரும்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்தக் கப்பலில் இருந்தார்கள், அவர்களுக்கு மிகப் பெரிய தீங்கு நேர்ந்தது என்று சொன்னால் போதும். பதினைந்து வயதில் மீதியையும் தாங்கிக்கொள்வார்கள். எந்த வயதிலும் பொய்க் கல்யாணத்தைச் சொல்லக்கூடாது.

உங்கள் பட்டியலில் எவ்ரி வரும் நூல் இருந்தால், அடுத்த பதிப்பில் அந்த வரிகளை நீக்குங்கள், அல்லது அது லண்டனில் கட்டப்பட்ட கதை என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். அட்டையில் எவ்ரியின் கொடியைப் போடுவதற்குப் பதில் கஞ்ச்-இ-சவாயை வரையச் சொல்லுங்கள். காஃபி கானின் குறிப்பு ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அந்தப் பகுதியை இளையோர் படிக்கும்படி தமிழில் தர யாராவது முன்வந்தால், மெய்ப்புப் பார்ப்பது உட்பட என்னாலான வேலையை ஊதியமின்றிச் செய்து தருகிறேன்.

அன்புடன்,
பிள்ளைகளுக்கு வரலாறு வாசித்துக் காட்டும் ஒரு வாசகர்